பெரிய ஊருக்கும் சிற்றூருக்கும் நடுவே காரைக்குடி

திங்கட்கிழமை காலையில் காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் புறப்படும் பேருந்துகளில் மனுவும் கையுமாகச் சிலரை எப்போதும் பார்க்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டாவில் பெயர் தவறாக ஏறிவிட்டது, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, பொதுப்பாதையில் எவரோ வேலி போட்டுவிட்டார் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து அவர்கள் போய்ச் சேர்கிற ஊர், புறப்பட்ட ஊரைவிடச் சிறியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியில் 1,06,000 பேருக்கு மேல் இருந்தார்கள்; சிவகங்கை நகரில் ஏறத்தாழ 40,000 பேர்தான். பெரிய ஊர்க்காரர்கள் சிறிய ஊருக்கு மனுக் கொடுக்கப் போகும் இந்த வழக்கம் காரைக்குடிவாசிகளுக்குப் பழகிப்போய்விட்டதால் எவரும் அதை வியப்பாகப் பேசுவதில்லை.

நடுத்தர நகரத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், சென்னையின் நெரிசல் இல்லை, கிராமத்தின் வசதிக்குறைவும் இல்லை என்பதாகத்தான் இருக்கும். அது பொய்யில்லை; ஆனால் காரைக்குடிக்கு அது போதாது. இந்த ஊரில் ஊரின் அளவுக்கு மிஞ்சிய சில நிறுவனங்கள் இருக்கின்றன. அதே சமயம், இந்த அளவுள்ள ஊரில் தானாகவே இருந்திருக்க வேண்டிய சில இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இந்த ஊரை வளர்த்த பணம் இந்த ஊரில் விளைந்ததில்லை.

அளவு என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1,00,000 பேருக்கு மேல் வாழும் ஊரைக் கணக்கெடுப்புத் துறை முதல் வகுப்பு நகரமாக வைக்கிறது. காரைக்குடி அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப் படிக்கு வேறொரு கணக்கு உண்டு. 50 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்கள் எக்ஸ், 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இருப்பன எல்லாம் இசட். ஆகவே முதல் வகுப்பு நகரமான காரைக்குடியே இன்னொரு ஏட்டில் கடைசி எழுத்தாகவும் இருக்கிறது. இங்குள்ள தேசிய ஆய்வகத்தில் வேலை செய்யும் விஞ்ஞானிக்கும், ஒரு சிற்றூரில் வேலை செய்யும் மத்திய அரசு ஊழியருக்கும் வாடகைப் படியின் விழுக்காடு ஒன்றுதான். நடுத்தர நகரம் என்பது பெரும்பாலும் இப்படி இரண்டு ஏடுகளுக்கு நடுவில் விழுந்துகிடக்கும் ஊர்தான்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள வறண்ட, செம்மண்ணும் செம்புறைக்கல்லுமான நிலம் ஒரு நகரத்தைத் தாங்கக்கூடியது என்று பார்த்தவுடன் எவரும் சொல்லமாட்டார்கள். ஆற்றங்கரை இல்லை, துறைமுகம் இல்லை, அரண்மனை இல்லை. நகரத்தார்கள் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் 'கொண்டுவிக்க', அதாவது வட்டித் தொழிலும் வணிகமும் செய்ய, போனார்கள். அங்கே கிட்டங்கிகள் என்ற தொழிற்கூடங்களில் தங்கி, பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்து, ஈட்டியதை ஊருக்கு அனுப்பி, தேக்கும் பளிங்குமாக வீடு கட்டினார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வாங்கிய கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் கைமாறியபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்திருந்தது. நிலத்தை விரும்பி வாங்கிய கதை இல்லை அது. வட்டி வராத கடனுக்குப் பதிலாக வந்த நிலம். அந்த ஊர் மக்களின் கசப்பும் அதனோடு சேர்ந்தே வந்தது என்பதைச் செட்டிநாட்டுப் பெருமை பேசுகிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம்.

அந்தக் காலத்துக் காரைக்குடி எதனோடு பிணைந்திருந்தது என்பதை ஒரே செய்தியில் சொல்லலாம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, இரங்கூன் ஆகியவற்றோடு சேர்த்துக் காரைக்குடியிலும் கிளை திறந்தார். மதுரையும் கோயம்புத்தூரும் அந்த முதல் வரிசையில் இல்லை. ஐந்தே ஆண்டுகளில், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. அதன்பின் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. இரங்கூன் கையைவிட்டுப் போன பிறகு காரைக்குடியில் மிஞ்சியவை வீடுகளும், வெளியூர்களில் புதிதாகத் தொழில் தொடங்கப் போன மனிதர்களும்தான்.

கவனிக்க வேண்டியது, எஞ்சிய மூலதனம் எங்கே போயிற்று என்பது. பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பம் பர்மாவில் தொடங்கிய தொழிலைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அவர்களின் சைக்கிள் தொழிற்சாலை 1949இல் அம்பத்தூரில் எழுந்தது. கானாடுகாத்தானின் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் உருவாக்கிய பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் நிற்கிறது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் உலகப்போர்க் காலத்தில் தம் படப்பிடிப்பு நிலையத்தைத் தேவகோட்டை சாலைக்குக் கொண்டுவந்தார். 1947இல் வெளிவந்த நாம் இருவர் இங்கே எடுக்கப்பட்டது. போர் முடிந்து நிலைமை சீரானதும் 1948இல் அவரும் கோடம்பாக்கம் போய்விட்டார். சில ஆண்டுகளாவது தமிழ்த் திரைப்படம் உருவாகும் ஊராகக் காரைக்குடி இருந்தது என்பதை இங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த நிலையம் இங்கேயே தங்கியிருந்தால் என்ற கேள்விக்கு விடை எதுவும் இல்லை. ஆனால் காரைக்குடியில் உட்கார்ந்து பேசும்போது அந்தக் கேள்வி வராமல் போவதும் இல்லை.

இந்த ஓட்டத்துக்கு எதிராகப் பணத்தை ஊருக்குள்ளேயே கொட்டியவர் அழகப்பச் செட்டியார். 1947 ஆகஸ்டில், நாடு விடுதலை பெற்ற அதே மாதத்தில், அவருடைய கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு, மத்திய அரசு நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை அமைக்கும் திட்டத்தில் இருந்தபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கேட்டுப் பெற்றார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல், பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1952இல் பொறியியல் கல்லூரி. 1957இல் 48 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு அவர் இறந்தபோது, பெருநகரங்களில் மட்டுமே கற்பனை செய்யக்கூடிய கல்வி வளாகம் ஒன்று செம்மண் பொட்டலில் நின்றுகொண்டிருந்தது. வேலைவாய்ப்பும் மக்கள்தொகையும் பெருகி, அதற்குப் பிறகு கல்லூரி வருவதே ஊர்களின் இயல்பு. இங்கே கல்லூரி முதலில் வந்தது. நகரம் அதற்கேற்ற அளவுக்கு வளர இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது.

1985ஆம் ஆண்டை இந்த ஊரின் வரலாற்றில் தனியாகக் குறித்துவைக்கலாம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது ஆட்சியர் அலுவலகம் சீமையின் பழைய தலைநகரான சிவகங்கைக்குப் போயிற்று. அதே ஆண்டில் அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியில் பிறந்தது. அரண்மனை இருந்த ஊருக்கு அதிகாரமும், நன்கொடை விழுந்த ஊருக்குப் பல்கலைக்கழகமும் என்று ஒரே ஆண்டில் பங்கு பிரிந்ததுபோல ஆயிற்று. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செட்டிநாடு என்பது வருவாய்த்துறை வரைபடத்தில் இல்லாத நாடு. அதன் ஊர்களில் ஒரு பகுதி சிவகங்கை மாவட்டத்திலும் மறுபகுதி புதுக்கோட்டை மாவட்டத்திலும் கிடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் துணியெடுக்கவும் நகை வாங்கவும் வருவது காரைக்குடிக்கு. சான்றிதழுக்கு அலைவது வேறெங்கோ.

இனி அன்றாடம். காரைக்குடியில் குடியிருப்பவருக்கு வேலை, பள்ளி, வங்கி, காய்கறிக் கடை எல்லாம் இருசக்கர வாகனத்தில் கால்மணி நேரத் தூரத்துக்குள் முடிந்துவிடும். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது; சென்னையில் மூத்த மகன் வீட்டுக்குப் போய்வந்த பெற்றோர் முதலில் சொல்லும் வேறுபாடு இதுதான். ஆனால் இந்தக் கால்மணி நேர வட்டத்துக்கு வெளியே ஒரு தேவை வந்துவிட்டால், அது அரைநாளாகவோ ஒரு நாளாகவோ ஆகிவிடுகிறது. சிக்கலான அறுவைச் சிகிச்சை என்றால் மதுரை அல்லது திருச்சி. இரண்டுமே 100 கிலோமீட்டருக்குள் இருந்தாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆம்புலன்சில் படுத்திருக்கும்போது அந்தத் தூரம் வேறு. திருச்சிக்கு நேரான ரயில் உண்டு. மதுரைக்கு மேலூர், திருப்பத்தூர் வழியாக நேர்ப்பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கையாகவே இருக்கிறது. இப்போது ரயிலில் போவதென்றால் மானாமதுரையைச் சுற்ற வேண்டும். இருந்த பாதைகூட இடையில் இல்லாமல் போனதுண்டு: பட்டுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கம் போகும் தடம் அகலப்பாதையாக்கத்துக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2018, 2019ஆம் ஆண்டுகளில்தான் பகுதி பகுதியாகத் திறந்தது.

சென்னைக்குப் போவதுதான் இந்த ஊரின் மிகப் பழகிய பயணம். 2013இல் பல்லவன் விரைவு ரயில் திருச்சியிலிருந்து காரைக்குடி வரை நீட்டிக்கப்பட்டதை ஊர் ஒரு திருவிழாவைப்போல் எடுத்துக்கொண்டது. ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. விடிகாலையில் இங்கே ஏறினால் மதியம் சென்னையில் இறங்கலாம் என்பது ஒரு வசதி. அதைவிட, ஒரு ரயில் தங்கள் ஊரில் 'புறப்படுகிறது', வேறெங்கிருந்தோ வந்து நடுராத்திரியில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகவில்லை என்பது வேறு ஒரு மரியாதை.

வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரின் தெருக்களை விளக்க முடியாது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்படி நீளமாகக் கட்டிய வீடுகள் இவை. முகப்பு, அறைகள் சூழ்ந்த முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இதனால் ஒரு தெரு முழுக்க அலங்கார முகப்பாகவும் அதற்கடுத்த தெரு முழுக்க வெறும் மதிலாகவும் அமைந்துவிடும். அந்த மதிலோரமாக நடுப்பகலில் நடந்துபார்த்தால், லட்சம் பேர் வாழும் ஊரின் நடுவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. வளவில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பங்காளி, ஒவ்வொரு பங்காளியிடமும் ஒரு சாவி. மூன்று தலைமுறை கடந்தபின் ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்குதாரர்கள். அவர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத வீடுகள் மழையில் கரைகின்றன. ஒருவழியாக ஒத்துக்கொண்டு விற்றவர்களின் வீட்டுத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன.

பூட்டிய வீடு என்றால் பயனற்ற வீடு என்று எடுத்துக்கொள்வது தவறு. தை பிறந்ததும், ஆவணியிலும், பங்காளிகள் கூடிப் படைக்கும் நாட்களிலும், பிள்ளையார் நோன்பிலும், வீட்டுக் கல்யாணங்களிலும் அந்தக் கதவுகள் திறக்கின்றன. அப்போது ஊரின் மக்கள்தொகை எந்தக் கணக்கெடுப்பிலும் சேராத வகையில் வீங்கிவிடும். பந்தல்காரர், சமையல் காண்ட்ராக்டர், நாதசுரக்காரர், பூக்கட்டுபவர், வாடகைக் கார் ஓட்டுநர், வீட்டைத் துடைத்து வைக்கும் பெண்கள் என ஊரின் பெரும்பகுதி உழைப்பு இங்கே வசிக்காதவர்களின் நாள்காட்டியைப் பார்த்தே நகர்கிறது. தேன்குழலும் சீப்புச் சீடையும் கைமுறுக்கும் அதிரசமும் சுடும் வீடுகளிலும் கடைகளிலும் இதே கதைதான். முன்பு கல்யாணச் சீர்ப் பலகாரமாகப் போனது, இப்போது கூரியர் பொட்டலமாகவும் போகிறது. எண்ணிக்கையில் நகரத்தார்கள் இந்த ஊரில் சிறுபான்மையினர்; முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கடைத்தெரு எவ்வளவு மந்தமாகிறது என்பதைப் பார்த்தால் அவர்கள் பங்கின் கனம் தெரியும். இதை நான் நலிவாகவும் பார்க்கவில்லை, பெருமையாகவும் பார்க்கவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இதுவே ஆலை. ஆனால் ஆலைக்கு இருக்கும் சம்பளப் பட்டியலோ வைப்பு நிதியோ இதற்கு இல்லை.

ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது குறித்தும் ஒரு சொல். கிராமத்தில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். சென்னையில் அடுத்த கதவுக்குக்கூடத் தெரியாது. இங்கே செக்காலை ரோட்டிலோ கல்லுக்கட்டியிலோ உங்களுக்கு வழக்கமான நான்கு கடைகளில் நீங்கள் இன்னார் மகன், இன்னார் மருமகள். நூறடி ரோட்டுக்குப் போய்விட்டால் நீங்கள் யாரோ ஒருவர். கல்லூரி மாணவர்கள் அந்தச் சாலையை விரும்புவதற்கு அங்குள்ள கடைகள் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அறிமுகத்தால் நன்மையும் உண்டு. மருந்துக் கடையில் கடன் கிடைக்கும், மருத்துவர் அப்பாவின் சர்க்கரை அளவை நினைவில் வைத்திருப்பார். அதே அறிமுகத்தால், வேறு சாதியில் ஒருவரை விரும்பும் பெண் பேருந்து நிலையத்தில் நின்று பேச முடியாது. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் 'நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக?' என்ற கேள்வி முதலில் வந்துவிடும். எளிதாக மறையவும் முடியாது, முழுதாக அறியப்படவும் முடியாது என்ற இந்த நிலை சிலருக்கு இதமாகவும் சிலருக்கு மூச்சு முட்டுவதாகவும் இருக்கிறது. யாருக்கு எது என்பதைப் பெரும்பாலும் அவர்கள் பிறந்த வீடு தீர்மானிக்கிறது.

தண்ணீரில் மட்டும் இந்த ஊர் பேறு பெற்றது. செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் தெரு நீரும் கூரை நீரும் போய்ச் சேர ஊரணிகளை வெட்டினார்கள். முத்தூரணி, பருப்பூரணி என்று அவை இன்று இடப்பெயர்களாகவும் இருக்கின்றன. குடிநீருக்கு நகரம் நெடுங்காலமாக நம்பியிருப்பது சம்பை ஊற்றுப் பகுதியின் கிணறுகளை. மழைநீர் செம்புறைக்கல் வழியே இறங்கித் தேங்கும் அந்தத் தண்ணீரின் சுவையைப் பற்றி ஊர்க்காரர்கள் சற்று மிகையாகவே பேசுவார்கள். வெளியூரில் குடியேறியவர்கள் ஊருக்கு வந்ததும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு 'இதுதான் தண்ணி' என்பதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். நகரம் விரியும்போது அந்த நீர்ப்பிடிப்புக் காட்டுப் பகுதியில் கட்டடம் ஏறாமல் காப்பது, ஊரின் எல்லாத் திட்டங்களிலும் முதலாவதாக இருக்க வேண்டும்.

பண்பாட்டிலும் அளவுக்கு மிஞ்சியவை உண்டு. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா ஒவ்வொரு பங்குனியிலும் நடக்கிறது. மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்கள் காரைக்குடியில், அத்தம் அன்று கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில். பாரதி 1919இல் வந்து பாடிய இந்து மதாபிமான சங்கமும் இங்கேதான். ஆனால் வேலை முடிந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் இருபது வயதுக்காரர் போக ஓரிடம் என்று தேடினால், சாப்பாட்டுக் கடை, திரையரங்கு, கோயில் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. பட்டம் வாங்கியவர்களுக்குத் தக்க வேலையும் அதேபோலத்தான். தேசிய ஆய்வகம் ஒன்று எழுபது ஆண்டுகளாக இருந்தும், மின்கலமோ அரிப்புத் தடுப்புப் பூச்சோ செய்யும் பெரிய தொழில்வட்டம் அதைச் சுற்றி எழவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்க தேவகோட்டையிலிருந்தும் திருவாடானையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். படித்து முடித்ததும் காரைக்குடிப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்களும் இரவுப் பேருந்தில் ஏறுகிறார்கள். முன்பு கப்பலில் போனார்கள் என்பதுதான் வேறுபாடு. கப்பலில் போனவர்கள் திரும்பிவந்து வீடு கட்டினார்கள். இப்போது போகிறவர்கள் போன இடத்திலேயே அடுக்குமாடியில் வீடு வாங்கிக்கொள்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவற்றோடு காரைக்குடியும் மாநகராட்சியாயிற்று. 1928இல் நகராட்சியான ஊருக்கு இது தாமதமாக வந்த உயர்வு என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். எல்லை விரிந்தது: கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், இலுப்பக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. பெயர்ப்பலகை மாறியதால் மருத்துவமனை பெரிதாகிவிடாது, மதுரைக்குத் தண்டவாளமும் வந்துவிடாது. வந்து சேர்வது பாதாளச் சாக்கடை, சாலை, விளக்கு ஆகியவற்றுக்கான நிதி வாய்ப்பு. கூடவே வருவது வரி. அந்த வரியை யாரிடம் வாங்குவது என்பதிலும் பழைய சிக்கல் குறுக்கே நிற்கிறது. ஊரின் மிகப் பெரிய கட்டடங்கள் பல, இருபது பங்குதாரர்களுக்குச் சொந்தமான பூட்டிய வீடுகள்.

இணைக்கப்பட்ட கிராமங்களில் எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம் வீட்டு வரி மட்டுமில்லை. நூறு நாள் வேலை அப்போது ஊராட்சி எல்லைக்குள் மட்டுமே இருந்தது. மாநகராட்சிக்குள் வந்தால் அதற்கான வேலை அட்டை செல்லாததாகிவிடும் என்ற நிலை. கண்மாய்க் கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்த பெண், வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததால் நகரவாசி ஆனார். இப்போது அவர் காலையில் பிடிப்பது காரைக்குடி டவுன் பஸ்ஸை. இறங்கிப் போவது ஒரு துணிக்கடைக்கோ, முறுக்குச் சுற்றும் வீட்டுக்கோ, அடுத்த முகூர்த்தத்துக்குள் துடைத்து வைக்கச் சொல்லிச் சென்னையிலிருந்து தொலைபேசி வந்திருக்கும் ஒரு பெரிய வீட்டுக்கோ.